ஐந்தாம் தட்டு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் பதினாறு பேர். வருகைத் தாளைப் பார்த்தால் பதினைந்து கையெழுத்துதான் இருக்கும். பதினாறாவது ஆள் நான். அட்டெண்டர் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன் மேடம். கேரளாவிலிருந்து வந்த தேர்வாளர் வர்கீஸ் சார், ஒன்று. பாண்டிமீனா, இரண்டு, டாக்டர் பட்டத்துக்கான வைவா அன்றைக்கு அவருக்குத்தான். அவருடைய வழிகாட்டி சுசீலா மேடம், மூன்று. துறைத் தலைவர், நான்கு. ஓய்வுபெற்ற பேராசிரியர் தியடோர் சார், ஐந்து. பாண்டிமீனாவின் அப்பா, அம்மா, வேன் ஓட்டிக்கொண்டு வந்த சித்தப்பா, ஆக எட்டு. ஆராய்ச்சி மாணவர்கள் ஆறு பேர், பதினான்கு. வேதியியல் துறையிலிருந்து ஒருவர், பதினைந்து. அவர் பாதி நேரம் தூங்கினார், ஆனாலும் வந்தவர் வந்தவர்தான். பிறகு நான், கதவுக்குப் பக்கத்தில், நின்றுகொண்டு. 2013 பிப்ரவரி 21, வியாழக்கிழமை. பத்து நாற்பதுக்குத் தொடங்கியது.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். கல்லூரி அலமாரியில் நான்காம் தட்டு நிறைந்திருக்கிறது, ஆறாம் தட்டு நிறைந்திருக்கிறது, நடுவில் ஐந்தாம் தட்டு மட்டும் ஏன் காலி என்று கேட்டீர்கள். இப்போது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. சூசைமாணிக்கத்தைப் போய்க் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். நல்லது. கேட்டால் சொல்வேன். கேட்காததைச் சொல்ல மாட்டேன். பேச்சு எனக்கு வராது. ஆள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால், அதற்கு உண்டான பதிலை ஒரு எண் பிசகாமல் சொல்லிவிடுவேன். அதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஒருவரைத் தவிர.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். 1981இல் தாவரவியல் துறையில் சேர்ந்தேன். வேலை என்ன என்றால், சார்மார்கள் காட்டிலிருந்து கொண்டுவரும் செடியை உலர்த்துவது, தாள் மடித்துப் பொட்டலம் போடுவது, எண் எழுதுவது, அலமாரியில் அடுக்குவது, பூச்சி வராமல் பார்ப்பது. பெரிய செடிக்கு அட்டை. ஈரல்பாசிக்குப் பொட்டலம்.

ஈரல்பாசி என்று நான் சொல்கிறேன். பாசி என்று சொன்னால் தியடோர் சாருக்குப் பிடிக்காது. "பாசி வேற, இது வேறடா சூசை. பூ கிடையாது, வேர் கிடையாது, ஆனா இலை இருக்கு பாரு" என்பார். ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்னார். தண்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வரிசை இலை. அடியில் மூன்றாவது வரிசை ஒன்று, குட்டி இலைகள். அந்த அடியிலையின் ஓரத்தில் பல். "எண்ணு" என்றார். நான்கு. அடுத்த இலையில் எண்ணினேன். நான்கு. இருபது இலை எண்ணினேன், இருபதிலும் நான்கு. எனக்கு அந்தச் செடியை அன்றைக்கே பிடித்துவிட்டது.

அது 1986. கரடிச்சோலை என்று ஒரு சோலை, அதற்குள் ஒரே ஒரு ஓடை. ஓடைக்கரை மரங்களில் இந்த ஈரல்பாசி தொங்கும். சார் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இருபத்திரண்டு தடவை போனார். பச்சையாகக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டுவார். நான் உலர்த்திப் பொட்டலம் போடுவேன். மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பொட்டலம். எல்லாம் ஒரே செடி, ஒரே பெயர். நீளமான லத்தீன் பெயர். கடைசிப் பாதி சாருடைய குருவின் பெயர். சார் அதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டில் அச்சாக்கினார். அந்தக் கட்டுரைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவனும் நான்தான்.

1992 நவம்பர் மழையில் கரடிச்சோலைச் சரிவு மொத்தமாக இறங்கிவிட்டது. ஓடையும் இல்லை, மரமும் இல்லை. அதற்குப் பிறகு அந்தச் செடியை உலகத்தில் வேறு எங்கும் யாரும் பார்க்கவில்லை என்று சொல்கிறார்கள். இருந்ததெல்லாம் என் அலமாரியில்தான். நான்காம் தட்டில் நூற்று எண்பத்து நான்கு. ஐந்தாம் தட்டில் இருநூற்றுப் பதினான்கு.

தேநீரைக் குடியுங்கள் மேடம். ஏலக்காய் போட்டது, ஆறினால் நன்றாக இருக்காது.

பாண்டிமீனா 2010 ஜனவரியில் வந்தார். தேனிப் பக்கத்துப் பெண். மலைக்கு வந்ததிலிருந்து மூக்கு அடைப்பு, சைனஸ் என்பார், கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. வந்த முதல் நாளே என்னை "அண்ணே" என்றார். துறையில் எல்லோரும் சூசை என்பார்கள். அவருக்கு மட்டும் அண்ணே. திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவார், அவர் அம்மா வைத்தது. நாற்பத்தொரு திங்கட்கிழமை சாப்பிட்டிருக்கிறேன். நல்ல பெண். அதில் சந்தேகம் இல்லை.

2010 மார்ச் 11, வியாழக்கிழமை, பதினொன்று பத்து இருக்கும். பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பொட்டலம் என்று எழுதியிருந்தேன். அவர் எண்ணி முடித்துவிட்டு, தியடோர் சார், சுசீலா மேடம், மாணவர்கள் எல்லோரும் இருக்கும்போது கையைத் தட்டினார்.

"அண்ணே மாட்டிக்கிட்டாரு! ஒரே பொட்டலத்துக்கு ரெண்டு நம்பர். இருபத்தொன்பது வருச சாம்ராஜ்யம், ஒரு பொட்டலத்துல கவுந்துபோச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். தியடோர் சார்கூட. "சூசைக்கே தப்பா? அப்ப நாளைக்குச் சூரியன் வராது" என்றார். பாண்டிமீனா என் தோளில் தட்டி, "சும்மா கேலிக்குண்ணே" என்றார். நானும் சிரித்தேன். எண்ணிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினைந்துதான். சிவப்பு மையில் திருத்தினேன். அவ்வளவுதான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய ஆராய்ச்சி என்ன என்றால், வடிவத்தை மட்டும் பார்த்து இந்தச் செடிகளைப் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் எண்ணெயையும் பார்க்க வேண்டும் என்பது. ஈரல்பாசியின் இலைக்குள் எண்ணெய்த் துளி உண்டு. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு எண்ணெய். பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, கரைப்பானில் ஊறவைத்து, அந்தச் சாற்றை வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைப்பார். தகட்டை ஜாடிக்குள் நிறுத்தினால் ஈரம் மேலே ஏறும். அது ஏற ஏறச் சாறு பிரிந்து புள்ளி புள்ளியாக நிற்கும். அமிலம் தெளித்துச் சூடு காட்டினால் ஊதா, நீலம், பழுப்பு. ஒரே இனம் என்றால் ஒரே மாதிரி புள்ளி விழ வேண்டும்.

நான்காம் தட்டில் முப்பது பொட்டலம் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் தட்டில் முப்பது கேட்டார். முன்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே, பாருங்கண்ணே! நாலாந்தட்டு ஒரு மாதிரி, அஞ்சாந்தட்டு ஒரு மாதிரி! அஞ்சாந்தட்டு முப்பதுலயும் மேல ஒரு பெரிய ஊதாப் புள்ளி. நாலாந்தட்டுல ஒண்ணுலகூட இல்ல. இது ஒரு இனம் இல்லண்ணே, ரெண்டு இனம். இலை ஒண்ணு, பல்லு ஒண்ணு, உள்ள வேற!"

பார்த்தேன். பெரிய புள்ளிதான். "ஆமா மேடம்" என்றேன்.

"மேடம்னு சொல்லாதீங்கண்ணே. பேரச் சொல்லுங்க."

நான் பெயர் சொல்லவில்லை. பழக்கம் இல்லை.

மூன்று வருஷம் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டுதான் தீசிஸ் எழுதினார். தியடோர் சார் நான்காம் தட்டு, ஐந்தாம் தட்டு என்று பிரித்து வைத்தது மேலோடை, கீழோடை என்ற கணக்கில் இருக்க வேண்டும், அதனால் மேலோடையில் ஒரு இனம், கீழோடையில் ஒரு இனம் என்று எழுதினார். தட்டுப் பிரித்தது தியடோர் சார் இல்லை, நான். ஆனால் யார் பிரித்தது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அலமாரியில் நாப்தலின் உருண்டை எத்தனை போடுகிறோம் என்று மட்டும் கேட்டார். தட்டுக்கு ஆறு என்றேன். எழுதிக்கொண்டார்.

மலைக்குக் கீழே ஒரு மகளிர் கல்லூரியில் அவருக்கு விரிவுரையாளர் வேலை பேசி வைத்திருந்தார்கள். மார்ச் 31க்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வைவா வைத்த தேதியைச் சொல்லிவிட்டேன், பிப்ரவரி 21. முப்பத்தெட்டு நாள் பாக்கி. அதனால்தான் அப்பா, அம்மாவை வேன் வைத்து அழைத்து வந்திருந்தார். அப்பா பெரியகருப்பன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேர்வாளருக்கும் சார்மாருக்கும் போர்த்த ஐந்து சால்வை வாங்கி, மடிப்பு கலையாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவருக்குப் புரியவில்லை. மகள் பேசும்போதெல்லாம் தலையாட்டினார்.

பாண்டிமீனா நன்றாகப் பேசினார். ஐம்பது நிமிஷம். நடுவில் மூன்று தடவைதான் மூக்கைத் துடைத்தார். வர்கீஸ் சார் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தியடோர் சார் முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வர்கீஸ் சாரை விருந்தினர் விடுதியில் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர் அவர்தான். இத்தனை வயதிலும் வந்த விருந்தாளியைத் தனியாக விடமாட்டார், அப்படி ஒரு மனுஷர். அவர் குனிந்து வர்கீஸ் சார் காதில் ஏதோ சொன்னார். வர்கீஸ் சார் நிமிர்ந்தார்.

"இந்தப் பெரிய புள்ளி எனிக்குப் பரிச்சயம் உண்டு. தலைவலிக்குப் பூசுந்ந சாதனம் போல" என்று அவருடைய தமிழில் சொன்னார். "அலமாரியில் எந்தாணு இடுவது?"

"நாப்தலின் சார். அதைக் கழிச்சுத்தான் பார்த்தேன். இது அது இல்லை" என்று பாண்டிமீனா சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் திரும்பினார். "வேணும்னா எங்க அண்ணனையே கேளுங்க சார். முப்பத்திரண்டு வருசமா அலமாரி அவர்கிட்டதான். அண்ணே, சொல்லுங்கண்ணே. நாப்தலின் உருண்டை மட்டும்தான?"

அவர் கேட்டார். மேடம், இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கேட்டது அவர்தான். முப்பது கண் என்னைப் பார்த்தது. இல்லை, வேதியியல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், இருபத்தெட்டு.

"இல்லை" என்றேன். "ஐந்தாம் தட்டுக்கு யூகலிப்டஸ் தைலமும் போடுறேன்."

யாரோ ஒரு மாணவன் சிரித்துவிட்டான். அப்புறம் எல்லோருமே.

"எத்தனை நாளா?" என்றார் துறைத் தலைவர்.

"பத்தொன்பது வருஷமா சார். 1994 ஜூலையிலிருந்து. வருஷத்துக்கு ரெண்டு தடவை. பொட்டலத்து மடிப்பில ரெண்டு சொட்டு."

"நாலாந்தட்டுக்கு?"

"போடுறதில்ல சார்."

நான் சொன்னது தமிழில். அதனால் பெரியகருப்பனுக்கு வார்த்தை புரிந்தது, விஷயம் பிடிபடவில்லை. எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்தார். அவருடைய சம்சாரமும் சிரித்தார். பாண்டிமீனா மட்டும் சிரிக்கவில்லை. திரையில் அந்த ஊதாப் புள்ளி பெரிதாக நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தார். சுசீலா மேடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வர்கீஸ் சார் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார், ஆங்கிலத்தில். இதை இப்படியே ஏற்க முடியாது. தைலம் படாத செடியை வைத்து மறுபடி செய்து காட்ட வேண்டும். ஒரு வருஷம் தரலாம்.

"புதுசா எங்க சார் போறது? அந்தச் சோலையே இல்ல" என்றார் பாண்டிமீனா.

"கஷ்டம்தான்" என்றார் தியடோர் சார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "வடிவம்னு ஒண்ணு கண்ணு முன்னால இருக்கும்மா. அத விட்டுட்டு எண்ணெய், சாறுன்னு போனா இப்படித்தான்."

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். பெரியகருப்பன் சால்வைகளை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று நின்றார்கள். அவர் வர்கீஸ் சாருக்குப் போர்த்தினார். துறைத் தலைவருக்கு, சுசீலா மேடத்துக்கு, தியடோர் சாருக்கு. எல்லோரும் போர்த்திக்கொண்டார்கள். ஐந்தாவதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதான சூசை அண்ணன்? பாப்பா வீட்டுல உங்களப் பத்தித்தான் பேசும். அண்ணன் இல்லன்னா நான் படிச்சிருக்க மாட்டேன்னு சொல்லும். இப்பக்கூட கடேசில நீங்கதான வந்து பேசி முடிச்சு வச்சீங்க" என்று சொல்லிப் போர்த்திவிட்டார். பாண்டிமீனா, "அப்பா, வாப்பா... வாப்பா போலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

சால்வை நல்ல சால்வை. இன்றைக்கும் இருக்கிறது. டிசம்பரில் எடுப்பேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஒன்பதரைக்கு அவர் பொட்டல அறைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"ஏண்ணே மூணு வருசமா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல. பதிவேட்டில இருக்கு."

எடுத்துக் காட்டினேன். கடைசிப் பத்தி, 'குறிப்பு' என்று நானே கோடு போட்டது. ஐந்தாம் தட்டு எண்களுக்கு நேரே 'தைலம்', தேதி, சொட்டு. அவர் முன்னால் உள்ள ஆங்கிலப் பத்திகளை மட்டும் படித்திருக்கிறார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பத்துப் பக்கம் புரட்டியிருப்பார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த ஒரு பொட்டலத்த நீங்க மறக்கவே இல்லல்ல?"

எந்தப் பொட்டலம் என்று எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். பதிவேட்டை வாங்கி மூடினேன். அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மார்ச் 31 தாண்டியதும் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போனது. ஒரு வருஷம் கெடு இருந்ததே, அதற்கும் அவர் வரவில்லை. இப்போது தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாராம். பிசகு வராது. எண்ணிக்கையில் கெட்டிக்காரர்.

என்ன கேட்டீர்கள்? ஐந்தாம் தட்டுக்கு மட்டும் ஏன் தைலம் என்றா?

இதைக் கேட்ட இரண்டாவது ஆள் நீங்கள் மேடம்.

ஐந்தாம் தட்டில்தான் பூச்சி வந்தது. அதனால்தான். நான்காம் தட்டுப் பக்கம் பூச்சி எட்டிக்கூடப் பார்க்காது. அது காரமான செடி. 1986இல் சார் பச்சையாகக் கொண்டுவந்து கொட்டும்போதே வாடை இரண்டு விதமாக இருக்கும். ஒன்றைக் கசக்கினால் பச்சை மிளகு. இன்னொன்றைக் கசக்கினால் மழைக்குப் பிறகு கட்டையில் முளைக்கும் காளான் வாடை. உலர்ந்துவிட்டால் போய்விடும். அதனால் பச்சையாக இருக்கும்போதே நான் முகர்ந்து முகர்ந்து தனித்தனியாகப் போட்டேன். மிளகு நான்காம் தட்டு. காளான் ஐந்தாம் தட்டு. முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டையும் நான்தான் பிரித்தேன். ஓடையில் மேலே, கீழே என்பதெல்லாம் இல்லை. ஒரே மரத்தில்கூட இரண்டும் இருக்கும்.

ஆமாம். இரண்டு செடிதான். பாண்டிமீனா சொன்னது சரிதான். அந்தப் புள்ளிதான் தைலம். மற்றது சரி.

முன்பே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், கேட்காமலே. 1986 ஜூலையில், "சார், வாடை வேற வேறயா இருக்கு" என்று தியடோர் சாரிடம் சொன்னேன். அறையில் நான்கு பேர் இருந்தார்கள். "மூக்க வச்சுப் பேர் வைக்கறதுன்னா நாயக்கூடப் புரபசர் ஆக்கிடலாமேடா சூசை" என்றார். நான்கு பேரும் சிரித்தார்கள். சரியாகத்தானே சொன்னார்? எட்டாம் வகுப்பு படித்தவன் மூக்கை நீட்டலாமா? அதற்குப் பிறகு கேட்காததைச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தைலம் படாதது இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. 1994இல் தைலம் போட ஆரம்பிக்கும்போது, உண்மையிலேயே தைலத்தால்தான் பூச்சி போகிறதா என்று தெரிய வேண்டாமா? ஐந்தாம் தட்டில் பன்னிரண்டு பொட்டலத்தைத் தைலம் போடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பின்வரிசையில் வைத்தேன். அதில் ஐந்தைப் பூச்சி அரித்துப் பொடியாக்கியது. ஏழு நன்றாகவே இருந்தன. வைவா அன்றைக்கு அந்த ஏழையும் என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். தைலத்தைப் பற்றிக் கேட்டால், ஏன் ஐந்தாம் தட்டுக்கு மட்டும் என்று அடுத்துக் கேட்பார்கள், கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்று. கையைக்கூடப் பைமேல் வைத்திருந்தேன். எத்தனை நாள் என்று கேட்டார்கள். நாலாந்தட்டுக்குப் போட்டாயா என்று கேட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள்.

சாயங்காலம் அந்த ஏழையும் டின்னிலேயே வைத்துவிட்டேன். கல்லூரிப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது இல்லையா?

மறுநாள் அவர் வந்தாரே, அப்போது சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. அவர் கேட்டது, ஏன் மூன்று வருஷமாகச் சொல்லவில்லை என்பது. அதற்குப் பதில் சொன்னேன். டின் அவர் நின்ற இடத்திலிருந்து இரண்டு முழம் இருக்கும்.

ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை, துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு தாள் வந்தது. ஐந்தாம் தட்டு முழுவதும் கெட்டுவிட்டது, அழித்துவிடவும். தியடோர் சார்தான் எடுத்துச் சொல்லி வாங்கினாராம். சுத்தம் விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். கேன்டீனுக்குப் பின்னால் பழைய தார் டிரம் ஒன்று கிடந்தது. அதில் தீ போட்டுக் கொடுத்தார்கள். சார் நேரில் வந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாக எண் வாசித்துப் போட்டேன். சேர்த்துப் போட்டால் கணக்குத் தப்பும்.

தைலம் அல்லவா, ஒவ்வொன்றும் பளிச்சென்று சுடர் விட்டு எரிந்தது. நூற்று நாற்பது போட்டிருப்பேன், சார் திடீரென்று கேட்டார்.

"ஏண்டா சூசை, தைலம் போடச் சொன்னது நான்தான். எல்லாத்துக்கும்தான போடச் சொன்னேன்? அஞ்சாந்தட்டுக்கு மட்டும் ஏன் போட்ட?"

இருபத்தேழு வருஷம் கழித்துச் சார் என்னை ஒரு கேள்வி கேட்டார் மேடம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எல்லாம் சொன்னேன். மிளகு வாடை, காளான் வாடை, நான் பிரித்தது, பூச்சி வந்தது, வராதது. உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான், ஒன்று விடாமல். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் நான் பேசி அவர் கேட்டதே இல்லை.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கல சார்."

"எத்தனை போட்டாச்சு?"

"நூத்தி நாப்பது சார். எழுபத்தி நாலு பாக்கி."

"மீதியையும் போடு" என்றார்.

டின்னைத் திறக்கும்போது, "சார், இதுல ஏழு தைலம் படாதது" என்றேன். அது என் தப்பு.

"உன்னக் கேட்டனா?" என்றார்.

கேட்கவில்லைதான். தாளிலும் 'முழுவதும்' என்றுதான் இருந்தது. பொடியான ஐந்தைப் போட்டேன். நல்ல ஏழையும் போட்டேன். தைலம் இல்லாததால் அவை சுடர் விடவில்லை, புகைந்துதான் எரிந்தன. புகையில் ஒரு நொடி காளான் வாடை வந்தது. உலர்ந்தால் வாடை போய்விடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். சாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், புகை கண்ணில் பட்டிருக்கும்.

ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆனது. அறைக்கு வந்து, பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்கு எண்களுக்கு நேரேயும் கோடு அடித்தேன். பிறகு அலமாரி முழுவதையும் தட்டுத் தட்டாக எண்ணினேன். இந்தத் தடவை மூன்று முறை எண்ணினேன், யாரும் வந்து திருத்த வேண்டியிருக்கக் கூடாது என்று. மூன்று முறையும் ஒரே எண்தான் வந்தது.

மீதி இரண்டாயிரத்து நூற்றொன்று.